பதினான்கு கதவுகளும் ஒரு இடது கையும்

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் 'கணினிப் பிரிவு' என்று ஒரு பலகை தொங்குகிறது. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு அறை, மூன்று மேசை, ஓடுகிற ஏசி ஒன்று, ஓடாத ஏசி ஒன்று, அப்புறம் ஷார்ட்கட் அக்கா. அவ்வளவுதான் பிரிவு. அக்காவுக்கு வயது நாற்பத்து நான்கு. அவருடைய பதவிக்கு மூன்று வரி நீளத்தில் ஒரு பெயர் உண்டு. அதை முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை என்பதால் வாயில் காவலாளி முதல் கண்காணிப்பாளர் வரை எல்லாருக்கும் அவர் ஷார்ட்கட் அக்காதான். அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர்கள்கூட அக்கா என்றே கூப்பிடுகிறார்கள். அவரும் கண்டுகொள்வதில்லை.

பெயர் வந்த கதை சின்னது. தபால் பிரிவில் ஒரு தட்டச்சர் அம்மா இருந்தார். தினமும் காலையில் ஒரு கோப்பைத் திறக்க, ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு ஃபோல்டரைத் திறந்து உள்ளே போவார். வேறு வேலையாக அங்கே போன அக்கா அவருக்குப் பின்னால் நின்று ஒரு நிமிடம் பார்த்தார். இரண்டாவது நிமிடம் பார்க்க முடியவில்லை. மவுஸை வாங்கி, அந்தக் கோப்புக்கு டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான் செய்து வைத்தார்.

"இனிமே இந்தப் படத்து மேல ரெண்டு தட்டு தட்டுங்க. நேரா அங்க போயிடும்."

"ஆறு வருஷமா சுத்திச் சுத்திப் போயிட்டிருந்தேனே!" என்று அந்த அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். அன்று மதியத்துக்குள் அக்காவின் அறை வாசலில் வரிசை நின்றது.

ஒரே வேலையை ஒரே மாதிரி மூன்றாவது தடவை கையால் செய்கிற ஆளைக் கண்டால் அக்காவுக்கு உடம்பில் எறும்பு ஊறும். சோம்பேறித்தனம் என்று இதைச் சொன்னவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். மற்றவர்களுடைய நேரம் வீணாவதைத் தன் நேரம் வீணாவதைப் போலப் பார்க்கிற ஆட்களை நான் அதிகம் கண்டதில்லை, கண்டவர்களில் இவர் ஒருவர்.

வீட்டிலும் இதே கதைதான். சுவிட்சுக்கெல்லாம் சீட்டு ஒட்டியிருக்கும். சாவிகளுக்குக் கலர் கலராக நூல் கட்டியிருக்கும். அலமாரியில் எது எங்கே என்பதற்குக் கதவின் உள்பக்கம் ஒரு பட்டியல் இருக்கும். அக்காவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். நாளெல்லாம் நிறுத்தத்துக்கு நிறுத்தம் பலகை பார்த்து ஓட்டுகிறவர் என்பதால் வீட்டிலும் பலகை இருப்பது அவருக்குப் பழகிவிட்டது. நாத்தனாருக்குத்தான் இது ஆகாது. கணவரின் அக்கா அவர், கூடவே இருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மிஷினில் ரத்தம் சுத்தம் செய்கிற வார்டில் நர்ஸ். வாய் கொஞ்சம் நீளம்.

"என் நெத்தியிலயும் ஒரு சீட்டு ஒட்டிடு. நாளைக்கு நான் யாருன்னு உனக்கே மறந்துடப் போகுது" என்பார்.

"ஒட்டலாம் அண்ணி. ஆனா நெத்தி சும்மா இருந்தாத்தானே ஒட்டறது, எந்நேரமும் சுருங்கியே இருக்கு" என்பார் அக்கா. பேருந்து ஓட்டுநர் இந்த இடத்தில் செய்தித்தாளை விரித்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் தலை குனிந்து நின்றது ஒரே ஒரு நாள். அந்த நாளைச் சொல்ல வேண்டுமென்றால் வால்வு அண்ணனிடமிருந்து தொடங்க வேண்டும்.

வால்வு அண்ணன் இருபத்திரண்டு வருடம் தெருத்தெருவாகப் போய் வால்வு திருப்பியவர். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர், எந்த வளைவில் குழாய் எவ்வளவு ஆழத்தில் போகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். முழங்கால் தேய்ந்த பிறகு கீழ்த்தளத்தில் உள்ள கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றினார்கள். நகரத்தில் மொத்தம் பதினான்கு பம்ப் ஹவுஸ். ஒவ்வொன்றிலும் டிபன் பெட்டி அளவுக்கு ஒரு கணினி சுவரில் பொருத்தியிருக்கிறது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தபடியே அதனோடு பேசலாம், மோட்டாரை ஓட்டலாம், நிறுத்தலாம். பேசுவது என்றால் பொத்தானும் படமும் கிடையாது. டெர்மினல் என்கிற ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் அந்தப் பம்ப் ஹவுஸின் எண்ணை நான்கு துண்டாக, நடுநடுவே புள்ளி வைத்து அடிக்க வேண்டும். அப்புறம் பயனர் பெயர். அப்புறம் பன்னிரண்டு எழுத்துப் பாஸ்வேர்டு. ஒரு புள்ளி தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. ஐம்பது வயதில் இதைக் கற்றுக்கொண்டு, ஐந்து வருடம் ஒரு குறை இல்லாமல் பார்த்தார் வால்வு அண்ணன்.

ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. பக்கவாதம். நாலு மாதம் விடுப்பு. திரும்பி வந்தபோது பேச்சு தெளிவாகத்தான் இருந்தது, வலது கால் கொஞ்சம் இழுத்தது. வலது கை மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் புதிய செயற்பொறியாளர் மேடம் பொறுப்பேற்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முந்தின மாதம் ஒரு பெரிய குழாய் உடைந்து சாலையில் ஆறு ஓடியது. மோட்டாரை நிறுத்த வேண்டிய ஆபரேட்டர் நோட்டுப் புத்தகத்தில் எண்ணைத் தேடி, தப்பாக அடித்து, திருப்பி அடித்து, பதினொரு நிமிடம் ஆக்கினார். ஒரு மளிகைக் கடை முழுக்க நனைந்து போயிற்று. மேடம் ஒரு உத்தரவு போட்டார். ஆபரேட்டர்கள் எல்லாரும் தேர்வுக்கு வர வேண்டும். எந்தப் பம்ப் ஹவுஸைச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் போய் மோட்டாரை நிறுத்திக் காட்ட வேண்டும். முடியாதவர்களுக்கு ஸ்டோரில் இடம்.

வால்வு அண்ணன் காலை இழுத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி அக்காவின் அறைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"என்னண்ணே, போன் பண்ணியிருந்தா நானே கீழ வந்திருப்பேனே?"

"என் வேலைக்கு நான்தானேம்மா ஏறி வரணும். எனக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்துச் சொல்லு. வீட்டுல பொஞ்சாதிகிட்ட பொய் சொல்லிடலாம், கடிகாரத்துகிட்ட முடியாது."

அக்கா கைப்பேசியில் நேரம் பார்த்தார். வால்வு அண்ணன் இடது கை ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். பாஸ்வேர்டில் பெரிய எழுத்து வருகிற இடத்தில் இரண்டு கை வேண்டும். அவர் ஷிஃப்ட் பொத்தானை மணிக்கட்டால் அழுத்திக்கொண்டு விரலை நீட்டி நீட்டிப் பார்த்தார். மூன்று நிமிடம் நாற்பது விநாடி.

அக்கா பேச்சை மாற்றுகிற மாதிரி கேட்டார். "ஸ்டோருக்குப் போனாத்தான் என்னண்ணே? நிழல்ல உக்காந்து ரெஜிஸ்டர் எழுதலாம். அலைச்சல் இல்ல."

"அங்கயும் பைப் இருக்கும்மா. பைப்புல தண்ணி இருக்காது." சொல்லிவிட்டு வால்வு அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாலு மாசம் படுக்கையில கிடந்தப்ப, விடியக்காலம் எத்தனாவது பம்பு ஓடும்னு நினைச்சுப் பாத்துத்தான் எந்திரிச்சேன். அதையும் எடுத்துட்டாங்கன்னா நான் எதுக்கும்மா எந்திரிக்கணும்?" என்றார்.

மனசு இளகினால் அக்காவுக்குக் கோபம்தான் வரும். "இனிமே நீங்க பாஸ்வேர்டு அடிக்கவே வேண்டாம்ணே. எதையுமே அடிக்க வேண்டாம்" என்று எரிந்து விழுகிற குரலில் சொன்னார்.

செய்ததைச் சொன்னால் பெரிய வித்தையாகத் தெரியாது. முதலில் பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஒரு சாவிக் கோப்பு செய்தார். ஒரு பாதி வால்வு அண்ணனின் கணினியில் இருக்கும், மறு பாதி பம்ப் ஹவுஸில் இருக்கும். இரண்டும் பொருந்தினால் உள்ளே விடும், யாரும் எதையும் அடிக்கத் தேவையில்லை. அப்புறம் டெஸ்க்டாப்பின் காலி இடத்தில் வலது கிளிக் செய்து ஒரு ஷார்ட்கட். எதைத் திறக்க வேண்டும் என்று அது கேட்கிற கட்டத்தில் டெர்மினல் நிரலின் இடம், அதை அடுத்து பம்ப் ஹவுஸின் எண், அதை அடுத்து சாவிக் கோப்பின் இடம். எல்லாம் ஒரே வரி. ஐகான் மேல் இரண்டு தட்டு தட்டினால் கறுப்பு ஜன்னல் தானே திறந்து, தானே போய்ச் சேர்ந்து, என்ன வேண்டும் என்று காத்து நிற்கும். மோட்டாரை நிறுத்துகிற கட்டளையையும் நான்கே எழுத்தாகச் சுருக்கி வைத்தார்.

பதினான்கு ஐகானையும் வரிசையாக வைத்து, கீழே ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக் காட்டினார். வால்வு அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"நம்பர் எல்லாம் இந்த நாலு மாசத்துல கலங்கிப் போச்சும்மா. டாக்டர் அப்பிடித்தான் இருக்கும்னாரு. கதவச் சொல்லு, எந்தப் பம்பு ஹவுஸுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். பதினாலு கதவையும் இந்தக் கையாலதானே திறந்தேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கணவரைக் கிளப்பிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் நகரம் முழுக்கச் சுற்றினார். பதினான்கு பம்ப் ஹவுஸ் வாசலிலும் இறங்கிக் கதவைப் படம் எடுத்தார். பச்சைக் கதவு. அடிப்பக்கம் துருப்பிடித்த கதவு. இரட்டைக் கதவு. யாரோ கரியால் கிரிக்கெட் ஸ்டம்ப் வரைந்த கதவு. மேட்டின் உச்சியில், தாழ்ப்பாள் வளைந்த நீலக் கதவு. கணவர் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை.

"ஊர்ல எல்லாரும் ஞாயித்துக்கிழமைன்னா பொண்டாட்டிய மலைக்கும் அருவிக்கும் கூட்டிட்டுப் போயி போட்டோ எடுக்கறான். நான் பம்பு ஹவுஸ் கதவுக்குக் கூட்டிட்டு வரேன்."

"அருவி ரெண்டு தட்டு தட்டினா திறக்குமாங்க? சும்மா வண்டிய எடுங்க. இன்னும் அஞ்சு இருக்கு."

கதவுப் படங்களே ஐகான் ஆயின. வால்வு அண்ணன் திரையைப் பார்த்ததும் குனிந்து மூக்கு இடிக்கிற தூரத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இந்த நீலக் கதவு தாழ்ப்பாள நான்தான் வளைச்சேன். மழைல இறுகிப் போச்சு, சாவியால நெம்பினேன்" என்று சிரித்தார். அவர் சிரித்து அக்கா பார்த்தது அந்த நாலு மாதத்துக்குப் பிறகு அன்றுதான்.

இரண்டு வாரம் பழகினார்கள். கதவைப் பார்த்துப் பார்த்து, எந்தக் கதவு எத்தனாவது பம்ப் ஹவுஸ் என்பதும் வால்வு அண்ணனுக்குத் திரும்ப மனதில் பதிந்தது. மூன்று நிமிடம் நாற்பது விநாடி, ஐம்பது விநாடி ஆயிற்று. பிறகு முப்பது, பிறகு இருபத்தைந்து. அதற்குக் கீழே வரவில்லை. காரணம் அக்காவுக்குத் தெரியும். வால்வு அண்ணன் ஒவ்வொரு முறையும் மோட்டாரை நிறுத்துவதற்கு முன் ஒரு எழுத்தை அடித்து, பிரஷர் எவ்வளவு, தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார்.

"நிறுத்தறதுக்கு அது எதுக்குண்ணே? ஏழெட்டு விநாடி போகுதே."

"வால்வு திருப்பறதுக்கு முன்னால குழாய் மேல கை வச்சுப் பாப்பேன்ம்மா. உள்ள என்ன ஓடுதுன்னு தெரியாம கைய வைக்க மாட்டேன். பழக்கம் ஆயிடுச்சு."

அக்கா விட்டுவிட்டார். ஒரு நிமிடத்துக்கு இருபத்தைந்து விநாடி தாராளம்.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம் மேடத்திடமிருந்து ஒரு தகவல் வந்தது. தேர்வு கட்டுப்பாட்டு அறையில் இல்லை, கூட்ட அறையில், புதிய கணினியில். அவரவர் மேசையில் ஒட்டியிருக்கிற துண்டுச் சீட்டைப் பார்த்து யாரும் அடிக்கக் கூடாதாம். அக்கா ஓடினார்.

"மேடம், டெஸ்க்டாப்ல ஷார்ட்கட் வச்சுக்கலாமா?"

"எப்படிப் போறாங்கங்கறது எனக்கு முக்கியமில்ல. எவ்வளவு நேரத்துல போறாங்கங்கறதுதான் முக்கியம். வச்சுக்குங்க. ஆனா அதுல ஏதாவது கோளாறுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

"என் ஷார்ட்கட்ல கோளாறு வராது மேடம்" என்றார் அக்கா. கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் சொன்னார். இதுவரை வந்ததும் இல்லை.

அன்று மாலை நாலு மணிக்குள் பதினான்கையும் புதிய கணினியில் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. முதல் நான்கைக் கையால் அடித்தார். அதற்கு மேல் உடம்பில் எறும்பு ஊற ஆரம்பித்துவிட்டது. நான்காவதை அப்படியே பத்து நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் பெயரையும் கதவுப் படத்தையும் உள்ளே இருக்கிற நான்கு துண்டு எண்ணையும் மாற்றிக்கொண்டு போனார். பதினொன்றில் பெயரை மாற்றினார். நீலக் கதவை வைத்தார். கைப்பேசி அடித்தது. நாத்தனார்.

"கத்தரிக்கோல் எங்க வச்சே? உன் பட்டியல்ல போட்ட இடத்துல இல்ல."

"ரெண்டாவது தட்டுல சீட்டுப் போட்ட டப்பா இருக்கு பாருங்க அண்ணி."

"டப்பா இருக்கு, சீட்டும் இருக்கு. கத்தரிக்கோல்தான் இல்ல."

ஐந்து நிமிடம் கழித்துக் கத்தரிக்கோல் நாத்தனாரின் கைப்பைக்குள்ளேயே கிடைத்தது. அக்கா திரைக்குத் திரும்பி, பன்னிரண்டாவதைத் தொடங்கினார். எல்லாம் முடிந்ததும் பதினான்கையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பதினான்கு ஜன்னலும் திறந்தன. பம்ப் ஹவுஸ் கணினிகள் எல்லாம் ஒரே கம்பெனி சரக்கு, ஒரே அச்சு. எது திறந்தாலும் முதல் வரி ஒன்றுபோலத்தான் இருக்கும், எந்த இடம் என்று அது சொல்லாது. காகிதத்தில் பதினான்கு டிக் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை பத்து மணி. கூட்ட அறையில் மேடம் கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். மற்ற மூன்று ஆபரேட்டர்களும் விரல் பறக்க அடித்து, ஐம்பத்திரண்டு, நாற்பத்தேழு, ஐம்பத்தெட்டு என்று தேறி, சுவரோரம் போய் நின்றுகொண்டார்கள். அடுத்து வால்வு அண்ணன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் மவுஸைப் பிடித்தார். அக்கா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"இரண்டு" என்றார் மேடம். இருபத்தாறு விநாடி.

"ஒன்பது." இருபத்தைந்து.

மேடத்தின் புருவம் உயர்ந்தது. சுவரோரம் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவுக்குப் பெருமையில் கால் தரையில் பாவவில்லை.

"கடைசி. பதினொன்று. ரெண்டாவது மோட்டார். அதுக்கு இன்னிக்குப் பழுது பாக்கற நாள், நிறுத்தினா சாயங்காலம் வரைக்கும் திரும்ப ஓட்ட வேண்டாம்."

வால்வு அண்ணன் நீலக் கதவைத் தட்டினார். ஜன்னல் திறந்தது. வழக்கப்படி ஒரு எழுத்தை அடித்தார், எண்கள் வந்தன. அதைப் பார்த்தவர் கையை எடுத்துவிட்டார்.

முப்பது விநாடி. நாற்பது. அக்கா நாற்காலி நுனிக்கு வந்தார். நாலு எழுத்துத்தானே அண்ணே, அடியுங்கள், அடியுங்கள் என்று உள்ளுக்குள் கத்தினார். கை திடீரென்று வரவில்லையோ, மறுபடி பக்கவாதமோ என்று பயந்தார். ஐம்பது. வால்வு அண்ணன் திரையை முறைத்துப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

"நேரம் முடிஞ்சது" என்றார் மேடம். குரலில் வருத்தம் இருந்தது. "என்ன ஆச்சு?"

"இது பதினொண்ணு இல்ல மேடம்."

"எப்படிச் சொல்றீங்க?"

"பதினொண்ணு மேட்டு உச்சில இருக்கு. அங்க பிரஷர் ஆறுக்குக் கீழ வந்து நான் பாத்ததில்ல. இங்க மூணு சொச்சம் காட்டுது. தொட்டியும் சின்னத் தொட்டி. இது நாலு மாதிரி இருக்கு."

மேடம் எட்டிப் பார்த்தார். "அப்போ நீங்க தப்பான ஐகானைத் தட்டிட்டீங்க போல."

வால்வு அண்ணன் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். இவ்வளவு நாள் நம்பிய ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இருக்கலாம் மேடம். கை தடுமாறியிருக்கும்" என்று மெதுவாகச் சொன்னார்.

அக்காவுக்கு அந்த நொடியில் கத்தரிக்கோல் ஞாபகம் வந்தது. நீலக் கதவை வைத்ததும், கைப்பேசி அடித்ததும், திரும்பி வந்து பன்னிரண்டைத் தொடங்கியதும் வரிசையாகக் கண்முன் வந்தன. பதினொன்றின் உள்ளே இருக்கிற எண்ணை மாற்றவே இல்லை. கதவு மேட்டில் இருக்கிற கதவு. உள்ளே போகிற வழி நாலுக்குப் போகிற வழி.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. மதியம் சத்தமில்லாமல் அந்த எண்ணை மாற்றிவிட்டால் முடிந்தது, அக்காவின் பெயர் பெயராகவே இருக்கும். வால்வு அண்ணன் கைக்கு ஏற்கெனவே கெட்ட பெயர் இருக்கிறது, அதன் மேல் இன்னொன்று போய்ச் சேரும். இந்தக் கணக்கை அவர் போட்டாரா என்று நான் கேட்டிருக்கிறேன். "போட்டேன். மூணு விநாடி போட்டேன். அந்த மூணு விநாடிக்கு இன்னிக்கும் வெக்கமா இருக்கு" என்றார்.

எழுந்து நின்றார்.

"இல்ல மேடம். அவர் கை தடுமாறல. சரியான கதவத்தான் தட்டினாரு. நான்தான் அந்தக் கதவுக்குப் பின்னால வேற வீட்ட வச்சுட்டேன்."

முன்னால் வந்து, நீலக் கதவின் மேல் வலது கிளிக் செய்து, உள்ளே இருந்த வரியைத் திறந்து காட்டினார். நாலின் எண் பளிச்சென்று இருந்தது. மேடம் அதை இரண்டு தடவை படித்தார்.

"நாலு எங்க போகுது?"

பதில் சொன்னது வால்வு அண்ணன். "பெரிய ஆஸ்பத்திரிக்கு மேடம். ரெண்டாவது மோட்டார்தான் அந்த லைனு."

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டார். நாத்தனாருக்கு அன்று காலை டியூட்டி. கத்தரிக்கோலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஏழு மணிக்கே கிளம்பிப் போயிருந்தார்.

மேடம் சுவர்ப் பக்கம் திரும்பினார். "நீங்க மூணு பேரும் நிறுத்தறதுக்கு முன்னால பிரஷரைப் பாத்தீங்களா?"

ஒருவர் விட்டத்தைப் பார்த்தார். ஒருவர் செருப்பைப் பார்த்தார். மூன்றாமவர், "ஒரு நிமிஷம்தானே மேடம் குடுத்தீங்க" என்றார்.

"ஆமா. நான்தான் ஒரு நிமிஷம் குடுத்தேன்." மேடம் நிறுத்துக் கடிகாரத்தை மேசை மேல் வைத்தார். கேள்வித்தாளை எடுத்து 'ஒரு நிமிடம்' என்பதை அடித்து 'இரண்டு நிமிடம்' என்று எழுதினார். அதற்கு மேலே, 'முதலில் பிரஷரை வாய்விட்டுப் படிக்க வேண்டும், இந்த இடம்தானா என்று சொல்ல வேண்டும், பிறகே நிறுத்த வேண்டும்' என்று இன்னொரு வரி சேர்த்தார். "வியாழக்கிழமை எல்லாருக்கும் மறுபடி தேர்வு. தேறினவங்களுக்கும்தான்." பிறகு அக்காவைப் பார்த்தார். "உங்களுக்கு நாளைக்கு மெமோ வரும்."

"வாங்கிக்கறேன் மேடம்."

அன்று சாயங்காலம் வீட்டில் அக்கா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கணவர் செய்தித்தாளை விரிக்கவில்லை. நாத்தனார் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்று கேட்டார்.

"இன்னிக்கு ஒன்பது பேர் மிஷின்ல இருந்தாங்க" என்றார். "மிஷினுக்குத் தண்ணி நிக்காம வரணும். ஆஸ்பத்திரித் தொட்டித் தண்ணி அரை மணி நேரம் தாங்கும். அதுக்குள்ள யாராவது பாத்திருப்பாங்க." பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "நான் போன் பண்ணினதாலதானே?"

"இல்ல அண்ணி. போன் எல்லாருக்கும் வரும். நின்ன இடத்துல இருந்து திரும்ப ஆரம்பிக்கறதுதான் என் வேலை, நான் அடுத்ததுக்குப் போயிட்டேன். திறக்குதான்னு மட்டும் பாத்தேன். எங்க திறக்குதுன்னு பாக்கல."

நாத்தனார் கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, சீட்டுப் போட்ட டப்பாவில் வைத்தார். அந்த வீட்டில் அவர் பட்டியலுக்குக் கட்டுப்பட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அக்கா பதினான்கையும் முதலிலிருந்து செய்தார். நகல் எடுக்கவில்லை, பதினான்கையும் கையால் அடித்தார். ஒவ்வொரு பம்ப் ஹவுஸ் கணினியிலும் உள்ளே போய், ஜன்னல் திறந்ததும் அந்த இடத்தின் பெயர் பெரிய எழுத்தில் வருகிற மாதிரி செய்தார். இதை ஐந்து வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். அதற்குப் பிறகும் மனம் ஆறவில்லை. கீழே போய் வால்வு அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். திரையில் கதவும் பெயரும் தெரியாமல் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு, எண்கள் வருகிற இடத்தை மட்டும் காட்டினார்.

"இது எந்த இடம்ணே?"

"பச்சைக் கதவு. தொட்டி ரொம்பறதுக்கு ரொம்ப நேரம் எடுக்குது பாரு."

"இது?"

"ஸ்டம்ப் வரைஞ்ச கதவு."

பதினான்குக்குப் பதினான்கு. ஒவ்வொன்றையும் அவர் சொன்ன பிறகுதான் அக்கா காகிதத்தில் டிக் போட்டார். வியாழக்கிழமை வால்வு அண்ணன் பிரஷரை உரக்கப் படித்து, இடத்தைச் சொல்லி, மோட்டாரை நிறுத்த முப்பத்தொரு விநாடி ஆனது. மேடம் கையெழுத்துப் போட்டார். மற்ற மூவரும் தேறினார்கள், ஆனால் ஒருவருக்கு ஒன்றே முக்கால் நிமிடம் ஆயிற்று. அவரும் மறுவாரம் மாடி ஏறி வந்து, தனக்கும் கதவு வேண்டும் என்றார்.

வால்வு அண்ணன் இன்னும் கட்டுப்பாட்டு அறையில்தான் இருக்கிறார். விடியற்காலைப் பம்பு அவர் பொறுப்பு. அக்காவும் இரண்டாவது மாடியில்தான் இருக்கிறார், ஷார்ட்கட் செய்து கொடுத்துக்கொண்டு. இப்போதெல்லாம் செய்து கொடுத்ததும் "திறக்குதா?" என்று கேட்பதில்லை. "எங்க திறக்குதுன்னு எனக்குப் படிச்சுக் காட்டுங்க" என்கிறார். சிலருக்கு எரிச்சல் வரும். அக்கா விடமாட்டார்.

அவருடைய சொந்த டெஸ்க்டாப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் பதினைந்து கதவுகள் இருக்கின்றன. பதினைந்தாவதும் தாழ்ப்பாள் வளைந்த நீலக் கதவுதான். தட்டினால் கறுப்பு ஜன்னல் திறக்காது, மேடம் கொடுத்த மெமோ திறக்கும். 'கவனக்குறைவு' என்ற சொல் இரண்டாவது வரியில் இருக்கிறது. புதிதாக எதையும் யாருக்கும் செய்து கொடுக்கும் முன் அக்கா அதை ஒரு தடவை திறந்து படிக்கிறார்.

ஒருநாள் மாடி ஏறி வந்த வால்வு அண்ணன் அதைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"அத எடுத்துப் போடும்மா. எவ்வளவு நாளைக்கு வச்சிருப்பே? அன்னிக்கு ஒண்ணும் நடக்கலையே."

"நீங்க கை வச்சுப் பாத்தீங்க, அதனால நடக்கல. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாதுண்ணே. அதனாலதான் இது."

வால்வு அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அக்கா அன்று செய்துகொண்டிருந்த புதிய ஷார்ட்கட்டின் வரியை ஒவ்வொரு எண்ணாக, புள்ளி உட்பட, உரக்கப் படிக்க ஆரம்பித்தார். அக்கா காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.